ஐந்து இரவும் ஒரு பச்சை ரயிலும்: சிகாகோ மாநாட்டுப் பிரதிநிதி ஏற்பாடுகள் பற்றி என் மதிப்புரை

திங்கட்கிழமை பிற்பகல் நாலேகாலுக்கு விடுதி வாசலில் பஸ் ஏறினேன். யுனைடெட் சென்டர் அரங்கத்துக்குள் என் நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி ஏழு பத்து. நடுவே உள்ள தூரம் மூன்று மைல்கூட இருக்காது. தொடக்கப் பிரார்த்தனை, தேசிய கீதம், முதல் சுற்றுப் பேச்சுகள் எல்லாம் போயின. ஜன்னலுக்கு வெளியே நகராத வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் எண்பதை நெருங்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். கைப்பேசியில் நேரலையை ஓடவிட்டு, எனக்கும் தெரியட்டும் என்று திரையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார். எட்டாவது மாநாடு அவருக்கு. எனக்கு முதல் மாநாடு.

அந்த மூன்று மணி நேரத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. 2028-இல் பிரதிநிதியாகப் போகப்போகிற தமிழர் ஒருவராவது இதைப் படித்துவிட்டு அந்த மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்திக்கொண்டால் எழுதியதற்குப் பலன் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வேன்.

நான் மதிப்பிடுவது 2024 ஆகஸ்ட் 19 முதல் 22 வரை சிகாகோவில் நடந்த அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்கு (கட்சியின் அதிபர் வேட்பாளரைப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கும் மாநாடு), எங்களைப் போன்ற பிரதிநிதிகளுக்காகச் செய்யப்பட்டிருந்த ஏற்பாடுகளை. முன்பயிற்சி, தங்கும் விடுதி, காலை உணவு, அன்றாட அனுமதி அட்டை, அரங்கத்துக்குப் பஸ் என்று ஐந்து உருப்படிகள். அங்கே மேடையில் நடந்த அரசியலைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் மாநிலத்தின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் விடுதி எது என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு வாரக் குறையை வைத்து அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தொல்லை தர எனக்கு விருப்பமில்லை.

முதலில் பணத்தைப் பற்றி. மதுரையில் இருக்கும் என் தங்கை "கட்சிதானே எல்லாச் செலவும் பார்த்துக்கொள்ளும், அக்கா?" என்று கேட்டாள். இல்லை. பிரதிநிதி தன் சொந்தப் பணத்தில்தான் போக வேண்டும். நான் ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், அதனால் காசு காசாகக் குறித்து வைத்திருக்கிறேன். அறை ஓர் இரவுக்கு 318 டாலர், ஐந்து இரவு, அதன்மேல் சிகாகோவின் 17.4 சதவீத விடுதி வரி, ஆக 1,867. ரயில் டிக்கெட் போக வர 104. சாப்பாடு 255. காலணி 130. சில்லறைச் செலவு 74. மொத்தம் 2,430 டாலர். ஐந்து நாள் விடுப்பு தனி. மாநில அளவில் உதவிநிதி கொஞ்சம் இருந்தது. இருபத்திரண்டு வயது மாணவி ஒருத்தி அதை வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அப்படி ஒரு நிதி இருப்பது எங்களில் பாதிப் பேருக்கு ஜூலை வரை தெரியாது. பிரதிநிதியாகத் தேர்வாகும் அன்றே முதல் தாளில் முதல் வரியாக இதை அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பணம் இல்லாததால் பெயர் கொடுக்காமலே விட்டவர்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேரோ என்று நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இனி பயிற்சி. ஏற்பாடுகளிலேயே இதுதான் வைரம்.

மே மாதத்தில் தொடங்கி நான்கு மாலைகள் ஜூம் வழியாக நடந்தது. நடத்தியவர் எழுபது தாண்டிய ஓர் அம்மையார், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். முதல் வகுப்பில் அவர் விடுதியைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ பேசவில்லை. "உங்களை யார் அனுப்பினார்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். என் முறை வந்தபோது சொன்னேன்: எங்கள் மாவட்டக் கூட்டத்தில், ஒரு பள்ளி உணவுக்கூடத்தில், ஒரு நிமிடம் பேசச் சொன்னார்கள், பேசினேன், 41 பேர் எனக்கு வாக்களித்தார்கள். அந்த 41 பேரில் ஒருவர் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்யும் நர்ஸ். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்" என்றார். அம்மையார் அதைக் கேட்டுவிட்டு, அந்த நர்ஸின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எழுதி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் என்னைப் பிடுங்கித் தின்றது அந்தத் தாள்தான். என்னுடைய மூன்று மணி நேரம் போனால் போகட்டும், போனது அவருடையது.

இரண்டாவது வகுப்பில் விதிகள். முதனிலைத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளர் யார் என்று மாநிலந்தோறும் வாக்காளர்கள் சொல்லும் தேர்தல்) ஒரு வேட்பாளர் 15 சதவீத வாக்காவது பெற்றால்தான் அவருக்குப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள் என்பது, பிரதிநிதிகளில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பது, ஒரு வேட்பாளரை ஆதரிப்பதாக உறுதி கொடுத்த பிரதிநிதி தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் விருப்பத்தை மனச்சாட்சிப்படி எதிரொலிக்க வேண்டும் என்பது. வெறும் விதியாக இதையெல்லாம் படித்தால் தூக்கம் வரும். அவர் 1968 மாநாட்டிலிருந்து தொடங்கினார். அதே சிகாகோ. வெளியே மிச்சிகன் அவென்யூவில் வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் மீது போலீஸ் தடியடி. உள்ளே, ஒரு முதனிலைத் தேர்தலில்கூட நிற்காத ஹ்யூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளர் ஆனார். அந்தக் கசப்பிலிருந்துதான், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைத் திருத்திய மெக்கவர்ன்-ஃபிரேசர் குழு பிறந்தது. மாநிலங்களில் பெரிய மனிதர்கள் மூடிய அறைக்குள் பிரதிநிதிகளை நியமித்துக்கொண்டிருந்த வழக்கம் அதன்பிறகு ஒடுங்கியது. "அந்த விதிகள் மாறியிராவிட்டால் கணக்கு எழுதுகிற பெண் எவளும் இந்த அழைப்பில் இருந்திருக்க மாட்டாள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிரவு விதிப்புத்தகம் முழுவதையும் படித்து முடித்தேன்.

அது ஜூலையில் கைகொடுத்தது. ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகினார். நாங்கள் அனைவரும் அவருக்கு உறுதி கொடுத்தவர்கள். என் கைப்பேசி இரவு வரை அடங்கவில்லை. யாருக்கு வாக்களிப்பது, வாக்களிக்க முடியுமா, மாநாடு நடக்குமா என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் கேட்டார்கள். மறுநாள் மாலையே அம்மையார் ஒரு சிறப்பு வகுப்பு வைத்தார். எவருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல இனி நீங்கள் என்று நிதானமாக விளக்கினார். புதிதாக நிற்க விரும்புகிறவர் 300 பிரதிநிதிகளின் கையொப்பம் பெற வேண்டும், ஒரே மாநிலத்திலிருந்து 50-க்கு மேல் கணக்கில் வராது என்றார். யாருக்குக் கையொப்பமிடுவது என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்குத் தலைவணங்குகிறேன்.

ஓஹியோவில் வேட்பாளரைப் பதிவு செய்வதற்கான கெடு தொடர்பான சிக்கலால், உண்மையான வாக்கெடுப்பு ஆகஸ்ட் 1 முதல் 5 வரை இணையம் வழியே நடந்துவிட்டது. முதல் நாளே, வேலைக்குக் கிளம்பும் முன், சமையலறை மேசையில் உட்கார்ந்து வாக்களித்தேன். கமலா ஹாரிஸ் 99 சதவீத வாக்குகளுடன் வேட்பாளர் ஆனார். அப்படியானால் சிகாகோவுக்கு எதற்குப் போக வேண்டும் என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு பொத்தானை அழுத்துவதும் ஆயிரக்கணக்கான பேர் நடுவே எழுந்து நிற்பதும் ஒன்றல்ல என்று அவனிடம் சொன்னேன். போய்வந்த பிறகும் அதையேதான் சொல்கிறேன்.

பயிற்சியில் ஒரு குறையும் உண்டு. மாநாட்டுக்கு வெளியே போராட்டக்காரர்கள் நிற்பார்கள், காஸா போர் குறித்து எங்களிடமே கேள்வி கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு எங்களுக்குக் கிடைத்த அறிவுரை, பேசாமல் நடந்துவிடுங்கள் என்பது மட்டுமே. உள்ளேயும், எவருக்கும் உறுதி தராதவர்களாகத் தேர்வான முப்பது பிரதிநிதிகள் இருந்தார்கள். பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் இடம் வேண்டும் என்று புதன்கிழமை இரவு அவர்களில் சிலர் அரங்கத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் எங்களைப் போல ஒரு மாவட்டத்தால் அனுப்பப்பட்டவர்கள். வாக்காளர் பெயரைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதே பயிற்சி, எதிரே நிற்கிறவர் பையில் யார் பெயர் இருக்கும் என்று கேட்கவும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அம்மையாரிடமே இதைச் சொன்னேன். அடுத்த முறை ஐந்தாவது வகுப்பு வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறை சுத்தம், குழாயில் வெந்நீர் நன்றாக வந்தது. நகர நடுவில் இருந்ததால் ரயில் நிலையத்துக்கு ஆறு நிமிட நடை. லிஃப்டுகள் ஆறில் நான்குதான் ஓடின, காலை ஏழு மணிக்கு அதன் முன் ஒரு திருவிழாக் கூட்டம். காலை உணவுதான் வருத்தம் தந்தது. சைவம் என்று முன்பதிவுப் படிவத்தில் எழுதியிருந்தேன். முதல் இரண்டு நாளும் முலாம்பழமும் காய்ந்த ரொட்டியும்தான். முட்டை, இறைச்சி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே கரண்டியால் பரிமாறப்பட்டதால் உருளைக்கிழங்கையும் தொட முடியவில்லை. மூன்றாம் நாள் சமையலறைப் பொறுப்பாளரிடம் நேரில் போய்ச் சொன்னபோது, அவர் உண்மையாகவே வருந்தி, தனித்தட்டில் ஓட்ஸ் கஞ்சியும் வறுத்த காளானும் வரவழைத்தார். ஆக, படிவம் சமையலறைக்குப் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் படிவத்தை நம்பாதீர்கள். முதல் நாளே ஆளைப் பாருங்கள். டெவான் அவென்யூவில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது நகரின் வடகோடி. அந்த வாரத்தில் அங்கே போய்வரப் பொழுதே வாய்க்கவில்லை.

காலை உணவைத் தவறவிடவும் முடியாது. காரணம், அன்றைய அனுமதி அட்டையை அங்கேதான் கொடுப்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் வேறு அட்டை. நேற்றைய அட்டை இன்று செல்லாது, தொலைந்தால் மாற்று அட்டை எளிதில் கிடைக்காது. முதல் நாள் அதிபர் பைடன் மேடையேறும்போதே இரவு பத்தரையை நெருங்கிவிட்டது. பேச்சு முடிந்து, கூட்டம் கலைந்து, அறைக்குத் திரும்பிப் படுக்கையில் விழுந்தபோது ஒன்றேகால். ஏழரைக்கு மறுபடியும் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை. இதைக் கடுமை என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசையில் என் பெயரைச் சரிபார்த்து அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு காலையும் எனக்கு ஃபேனி லூ ஹேமர் நினைவு வந்தது. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளப் போனதற்காக, பல ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர். சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். 1964-இல் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில், மிசிசிப்பியின் கறுப்பின மக்களுக்கும் பிரதிநிதி அட்டை வேண்டும் என்று தகுதிக் குழுவின் முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார். இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் அவரும் அவருடன் வந்தவர்களும். அவர் சாட்சி சொன்ன நாள் ஆகஸ்ட் 22. சரியாக அறுபது ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் 22 அன்று ஒரு கறுப்பினப் பெண், அதுவும் ஒரு தமிழ்த் தாயின் மகள், வேட்பாளராக நின்று ஏற்புரை ஆற்றப்போகிறார். அட்டைக்காக அரைமணி நேரம் நிற்பதில் எனக்கு என்ன கஷ்டம்?

இப்போது பஸ்.

விடுதியிலிருந்து அரங்கத்துக்குப் போக வர இலவச பஸ் என்று பயிற்சிக் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஓட்டியது ஒரு வாடகை பஸ் நிறுவனம். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஓட்டுநர் வெளியூர்க்காரர், பாவம், எந்த வாயில் திறந்திருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றரைக்கு வருவதாகச் சொன்ன வண்டி நாலேகாலுக்கு வந்தது. தடுப்பு வேலிகளைச் சுற்றிச் சுற்றி ஒரே சந்திப்பை மூன்று முறை பார்த்தோம். இறங்கி நடந்துவிடுகிறோம் என்றோம். பாதுகாப்பு விதிப்படி இடையில் கதவைத் திறக்கக் கூடாது என்றார். தபால்காரர் தாத்தாவுக்கு மாத்திரை போடும் நேரம். தண்ணீர் இல்லை, உலோகக் குப்பி கூடாது என்று சொன்னதால் எல்லோரும் குப்பியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். பின்வரிசைப் பெண் ஒருத்தி பாதி குடித்த காகிதக் குவளையைக் கொடுத்தாள். அதில்தான் விழுங்கினார். வண்டிக்குள் நான்கு தண்ணீர்ப் பெட்டிகள் வைக்க எவ்வளவு ஆகியிருக்கும்? இந்தச் சேவைக்கு என்னால் பத்துக்கு ஒரு மதிப்பெண் தர முடியும். அந்த ஒன்றும், பொறுமை இழக்காத ஓட்டுநருக்காக.

செவ்வாய்க்கிழமை காலை நானே வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடை கண் முன்னே இருந்தது. சிகாகோ நகர ரயிலின் பச்சைப் பாதை. மாநாட்டின் பகல்நேரக் கூட்டங்கள் நடந்தது மக்கார்மிக் பிளேஸில். இரவு நிகழ்ச்சி யுனைடெட் சென்டரில். ஒன்று நகரின் தெற்கே ஏரிக்கரையில், மற்றது மேற்கே. இரண்டையும் ஒரே பச்சை ரயில் இணைக்கிறது, மாறி ஏறவே வேண்டாம். தெற்கில் செர்மாக்-மக்கார்மிக் பிளேஸ் நிலையம், நடுவில் எங்கள் விடுதிக்கு அருகே வாஷிங்டன்/வாபாஷ், மேற்கில் டேமன். இந்த டேமன் நிலையம் மாநாட்டுக்கு இரண்டே வாரம் முன்பு, ஆகஸ்ட் 5 அன்றுதான் திறக்கப்பட்டது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. மூன்றிலும் லிஃப்ட் உண்டு. ஏழு நாள் பயணச்சீட்டு அப்போது 20 டாலர். வாஷிங்டனிலிருந்து டேமனுக்குக் கால் மணி நேரம். இறங்கித் தெற்கே நடந்தால் சற்று நேரத்தில் அரங்கத்தின் கூரை தெரிந்துவிடும். சோதனை வாயிலுக்குப் போகக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. சிகாகோவில் டேமன் என்பது ஒரு நீண்ட தெரு. அந்தப் பெயரில் நீலம், பழுப்பு, பிங்க் பாதைகளிலும் நிலையங்கள் இருக்கின்றன. போதாததற்கு, பிங்க் ரயிலும் நகர நடுவில் பச்சை ரயில் போகும் அதே தண்டவாளத்தில்தான் வரும். ஆஷ்லாண்டைத் தாண்டியதும் தெற்கே திரும்பிவிடும். எங்கள் குழுவில் இரண்டு பேர் அதில் ஏறி வேறொரு டேமனில் இறங்கிவிட்டு, போன் செய்தார்கள். பெட்டியின் முகப்பில் எழுதியிருக்கும் நிறத்தைப் பார்த்து ஏறுங்கள்.

அன்று தபால்காரர் தாத்தாவையும் கையோடு அழைத்துக்கொண்டு மூன்றேகாலுக்குக் கிளம்பினேன். ரயிலில் வேலை முடிந்து திரும்பும் மருத்துவமனை ஊழியர்கள், பள்ளிக்கூடப் பையுடன் பிள்ளைகள், நடுவே அட்டை தொங்கும் கழுத்துகளோடு நாங்கள். ஒரு பெரியவர் என் அட்டையை எட்டிப் பார்த்து, 1996-இல் இதே அரங்கத்தில் கிளின்டன் மாநாடு நடந்தபோது தான் அங்கே நாற்காலி அடுக்கியதாகச் சொன்னார். பஸ் ஜன்னலுக்குள் அடைபட்டிருந்தால் இந்த நகரத்தில் ஒரு முகத்தையாவது பார்த்திருப்பேனா? நாலரைக்கெல்லாம் நாற்காலியில் இருந்தோம். அன்றைக்குத்தான் சடங்குமுறை வாக்கு அழைப்பு. ஒவ்வொரு மாநிலமாக எழுந்து தங்கள் வாக்கை உரக்கச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. எங்கள் மாநிலத்தின் பெயர் வந்தபோது தாத்தா என் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார். நான் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அரங்கத்துக்குள் எங்களைக் கவனித்துக்கொண்ட தளப் பொறுப்பாளர்களுக்கு நிறைய நன்றி. எந்தப் பதாகை எப்போது தூக்க வேண்டும் என்பது முதல், எந்தப் பக்கக் கழிப்பறையில் வரிசை குறைவு என்பது வரை தெரிந்து வைத்திருந்தார்கள். குளிரூட்டி உறைய வைத்துவிட்டது; ஸ்வெட்டர் அவசியம். கைப்பேசிக்கு மின்சேமிப்பான் அதைவிட அவசியம்.

இளம் தன்னார்வலர் ஒருத்தி, எங்கள் பகுதிக்குப் பதாகைகள் கொண்டுவந்தவள், என் நெற்றியைப் பார்த்துத் தயங்கி, "அக்கா, நீங்கள் தமிழா?" என்றாள். நியூஜெர்சியில் பிறந்த பெண், தாத்தா ஊர் திருவாரூர்ப் பக்கம் என்றாள். கமலாவின் தாத்தாவின் துளசேந்திரபுரமும் அந்தப் பக்கம்தான் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். 2020-இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தியபோது கமலா "சித்திகள்" என்று தமிழில் சொன்னதைக் கேட்டபோது அவள் பதினான்கு வயதுப் பெண்ணாம். அன்றுதான் அரசியலில் தனக்கும் இடம் உண்டு என்று தோன்றியதாம். கையில் இருந்த பதாகைகளை அணைத்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

வியாழக்கிழமைக்கு என்ன உடுத்துவது என்பதும் தயாரிப்பில் சேர்ந்ததே. பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் நினைவாகப் பெண் பிரதிநிதிகள் பலர் வெள்ளை உடுத்துவதாக முடிவு செய்திருந்தோம். அம்மாவிடம் போனில் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமாக வெள்ளைப் புடவையா?" என்று பதறினாள். காரணத்தை விளக்கினேன். 1920 வரை இந்த நாட்டுப் பெண்களுக்கு நாடு முழுமைக்குமான வாக்குரிமை இல்லை என்பதையும், அதற்காக ஊர்வலம் போனவர்கள் வெள்ளை உடுத்தியதையும். சற்று யோசித்துவிட்டு, "அரக்குக் கரை போட்டதாக உடுத்திக்கொள், குங்குமம் பெரிதாக வை" என்றாள். அப்படியே செய்தேன். காலில் ஓட்டக் காலணி. 130 டாலருக்கு அதை வாங்கும்போது மனம் அடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டு மைல் நடந்த பிறகு, முழுச் செலவிலும் மிக நியாயமான செலவு அதுதான் என்று முடிவுக்கு வந்தேன். புதுக்காலணியோடு போகாதீர்கள், ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள் என்று அம்மையார் சொன்னதைக் கேட்டதால் ஒரு கொப்புளம்கூட இல்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் அன்று பலித்தது. "கடைசி நாள் ஐந்து மணிக்குள் நாற்காலியில் இருங்கள். அட்டை இருக்கிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள்." மூன்று மணிக்கே கிளம்பினோம். மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்து, கையில் செல்லுபடியாகும் அட்டை வைத்திருந்தவர்கள்கூட வெளியே நிறுத்தப்பட்டார்கள். எங்கள் குழுவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நான்கு பேர் ஏற்புரையை வாயிலில் நின்று கைப்பேசியில் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி அந்த உதவிநிதி மாணவி.  கமலா தன் தாய் ஷ்யாமளா பத்தொன்பது வயதில் தனியாக உலகைக் கடந்து கலிஃபோர்னியாவுக்கு வந்ததைச் சொன்னபோது என் கண்ணில் நீர் நிற்கவில்லை. பலூன்கள் கொட்டின. எல்லாம் முடிந்து வெளியே வந்து அந்த மாணவியைப் பார்த்தேன். என் பையில் இருந்த இரண்டு பலூன் துண்டுகளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவளை அழைத்துக்கொண்டு கிளம்பாதது என் தவறு. அதை நினைக்காத நாளில்லை. ஆனால் இலவச பஸ் என்று பெரிய எழுத்தில் போட்ட கையேட்டில், ரயிலைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அவளாகவே வந்திருப்பாள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பயிற்சிக்கு ஒன்பது. தளப் பொறுப்பாளர்களுக்குப் பத்து. விடுதிக்கு ஆறு, மூன்றாம் நாள் காட்டிய அக்கறைக்காக அதில் ஒன்று கூட்டியிருக்கிறேன். பஸ்ஸுக்குக் கொடுத்ததை மேலேயே சொல்லிவிட்டேன். பச்சை ரயில் எங்கள் ஏற்பாட்டில் இல்லவே இல்லை, ஆனாலும் அதற்குப் பத்து.

ஊர் திரும்பிய சனிக்கிழமை அந்த நர்ஸைப் பார்க்கப் போனேன். இரவுப் பணி முடித்து வந்து காபி போட்டு வைத்திருந்தார். நான்கு அட்டைகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு இரவாகச் சொன்னேன். திங்கட்கிழமை அட்டையைத் தொட்டு, "ஆரம்பத்தில் என்ன பேசினார்கள்?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2028-இல் மறுபடியும் பெயர் கொடுக்கப்போகிறேன். எந்த நகரமானாலும் சரி, விடுதி ஒதுக்கீடு வந்த அன்றே நகர ரயில் வரைபடத்தை அச்செடுத்து எங்கள் குழுவில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுவேன்.